குளிர் பாதி, கணக்கு பாதி: மனித உயிரணுக்களை உறையவைத்துக் காத்த வரலாறு

தங்கவயலைப் பற்றி எழுதும் அன்பர்கள் தங்கத்தைப் பற்றி எழுதுவார்கள், சுரங்கத்தைப் பற்றி எழுதுவார்கள், வட ஆற்காட்டுப் பக்கமிருந்து நம் முன்னோர் மூட்டை கட்டிக்கொண்டு வந்த கதையை எழுதுவார்கள். அதையெல்லாம் அறிஞர் பலர் எழுதியாயிற்று. ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக் கடை நடத்தும் எனக்கு அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஆகவே இந்த மலருக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் குளிர். அதிலும், மனித உடம்பின் உயிரணுக்களை மருத்துவத்துக்காக உறையவைத்து, கெடாமல் காத்து, வேண்டும்போது உயிரோடு திருப்பி எடுக்கிற கலை.

மளிகைக்காரனுக்கு இது எதுக்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நம்ம ஊர்ப் பிள்ளைகள் காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது என்றால், தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள் என்று பணம் கேட்டு ஆள் வருகிறது. கடைக்கு வருகிற பசங்க, "ஐயா, நீங்கதான் நாலு புத்தகம் படிக்கிறவர், கட்டலாமா வேண்டாமா சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். இரண்டாவது, சரக்கை இருப்பு வைத்துக் காப்பதுதான் என் ஐம்பது வருஷத் தொழில். இருப்பு, சேதாரம், பேரேடு என்ற மூன்றும் தெரிந்தவனுக்கு இந்த விஞ்ஞானத்தின் கதை அந்நியமாகத் தெரியவில்லை.

உறை என்னும் சொல்

தமிழில் உறை என்ற சொல்லுக்குப் பொருள் பல. நீர் பனிக்கட்டியாவது உறைதல். பால் தயிராவதும் உறைதல்தான்; அதற்கு ஊற்றுவது உறைமோர். ஓரிடத்தில் தங்கி வாழ்வதும் உறைதல். வீட்டுக்கு உறையுள் என்று பெயர். கத்தியை மூடிக் காப்பது உறை. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. இன்னொரு பொருள் வியாபாரிகளுக்கு வேண்டியது. நெல்லை மரக்காலால் அளக்கும்போது, இத்தனை அளவுக்கு ஒன்று என்று கணக்குக்காகத் தனியே எடுத்து வைக்கும் அடையாளத்துக்கும் உறை என்று பெயர்.

உறைந்து போவது, தங்கி வாழ்வது, மூடிக் காப்பது, கணக்கு வைப்பது. இந்த நாலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போகும் வரலாறு முழுவதற்கும் இந்த நாலு பொருளும் வேண்டும். உயிரணுவை உறையவைத்தால் மட்டும் போதாது. அது உள்ளே உயிரோடு தங்க வேண்டும், மேலே பத்திரமான உறை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அது யாருடையது, எப்போது வைத்தது என்ற கணக்கு தப்பக் கூடாது. குளிர் பாதி, கணக்கு பாதி என்று நான் தலைப்பிட்டது இதனால்தான்.

சூட்டின் ஊரும் குளிரின் வியாபாரமும்

நம் ஊர் சூட்டை அறிந்த ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அவ்வளவு அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பினால்தான் மனிதன் நின்று வேலை செய்ய முடியும். குளிர் என்பது சுகத்துக்கல்ல, உயிருக்கு என்பதை நம் பெரியவர்கள் உடம்பிலேயே தெரிந்துகொண்டவர்கள்.

தென்னாட்டுக்குப் பனிக்கட்டி வியாபாரச் சரக்காக வந்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. கிளம்பும்போது ஏறக்குறைய 180 டன், வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன். நாலு மாதக் கடல் பயணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான சேதாரம்; அப்படியும் விற்றுப் போயிற்று. சென்னைக் கடற்கரையில் 1842-ல் அந்தப் பனிக்காகக் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். பிற்காலத்தில் விவேகானந்தர் 1897-ல் தங்கிய கட்டடம் என்பதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது.

அந்த நாளில் பனி ஒரு பொருளைக் கெடாமல் வைக்கும் என்று தெரியும். மீனை வைக்கலாம், பழத்தை வைக்கலாம். ஆனால் அந்த மீன் செத்த மீன். உயிருள்ள ஒன்றை உயிரோடு வைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பனி எப்படிக் கொல்கிறது

உயிரணு என்பது மெல்லிய சவ்வுக்குள் கட்டிய ஒரு துளி உப்புநீர் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றியும் உப்புநீர். குளிர வைத்தால் முதலில் வெளியே உள்ள நீர் பனியாகிறது. பனிக்கட்டி உப்பைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே உறையாமல் மீந்த நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. அந்த உப்பு அணுவின் உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. ஊறுகாய் போடும்போது உப்பிட்ட மாங்காய் சுருங்கி நீர் விடுகிறதே, அதே கதைதான். மிக மெதுவாகக் குளிர வைத்தால் அணு இப்படிச் சுருங்கி, உப்பின் கடுமையில் சாகிறது.

சரி, வேகமாகக் குளிர வைத்தால்? நீர் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே பனி ஊசிகள் பிடித்துவிடும். அதுவும் சாவுதான். ஆக மெதுவாகப் போனாலும் ஆபத்து, வேகமாகப் போனாலும் ஆபத்து. நடுவே ஒவ்வொரு வகை அணுவுக்கும் பொருத்தமான ஒரு வேகம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பீட்டர் மேசர் என்பவர் 1960-களிலும் 70-களிலும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ரத்தம் உண்டாக்கும் மூல அணுக்களுக்கு, அதாவது ஸ்டெம் செல்களுக்கு, நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி என்ற வேகம் வழக்கமாயிற்று.

இறக்கி வைக்கும் இடம் திரவ நைட்ரஜன் தொட்டி. அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி மைனஸ் 18 அளவில் இருக்கும். அங்கே கெடுவது மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை. மைனஸ் 130-க்கும் கீழே போனால்தான் அணுவுக்குள் ரசாயன மாற்றம் அநேகமாக நின்றே போகிறது. அங்கே ஒரு நாளும் ஒன்றுதான், முப்பது வருஷமும் ஒன்றுதான். 1992-ல் உறையவைத்த கருக்களிலிருந்து 2022-ல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன.

தொல்காப்பியம் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பிரித்திருப்பது நாம் அறிந்ததே. எங்கள் சமண மரபிலும் கண்ணுக்குத் தெரியாத ஓரறிவு உயிருக்கும் கணக்கு உண்டு. வளராமல், சாகாமல், ஒன்றையும் உணராமல் தொட்டிக்குள் இருக்கும் இந்த அணுவை எந்த வரிசையில் வைப்பது? அதைப் பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். உயிர் இருக்கிற பொருள் என்று எண்ணிக் கை வைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

சீட்டு மாறிய புட்டி

இந்தக் கலையின் திறவுகோல் கிடைத்தது ஒரு தவறான சீட்டினால். லண்டனுக்கு அருகே மில் ஹில் என்ற இடத்தில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிலையத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் என்ற மூவர் சேவலின் விந்தணுவை உறையவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழச் சர்க்கரைக் கரைசல் சேர்த்தும் பலனில்லை. சில மாதம் கழித்துக் குளிர் அறையில் பழைய கரைசல் இருந்த புட்டியை எடுத்து மறுபடி முயன்றபோது, உறைந்து உருகிய அணுக்கள் உயிரோடு நீந்தின. அதிசயித்துப்போய், மீதியிருந்த கொஞ்சத்தை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதில் சர்க்கரையே இல்லை! புட்டிகளின் சீட்டு மாறிப்போயிருந்தது. உள்ளே இருந்தது கிளிசரினும் முட்டை வெண்கருப் பொருளும் கலந்த, கண்ணாடிச் சில்லில் மாதிரிகளை ஒட்டும் கரைசல். உயிரைக் காத்தது கிளிசரின். 1949-ல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

நம் மருந்துக்கடையில் வாய்ப்புண்ணுக்கு வாங்குகிற அதே கிளிசரின்தான். அது அணுவுக்குள் புகுந்து, நீரோடு கலந்து, பனி ஊசி பிடிப்பதையும் உப்பு ஏறுவதையும் குறைக்கிறது. மறுவருஷமே ஆட்ரி ஸ்மித் ரத்தச் சிவப்பணுவையும் இப்படிக் காக்கலாம் என்று காட்டினார். 1959-ல் ஜேம்ஸ் லவ்லாக், பிஷப் என்ற இருவர் டி.எம்.எஸ்.ஓ. என்ற இன்னொரு பொருளைக் கண்டார்கள். அது கிளிசரினைவிட வேகமாக அணுவுக்குள் போகும். இன்றைக்கும் ஸ்டெம் செல்லை உறையவைக்க அதுதான் பெருவழக்கு.

சீட்டு மாறியதால் நல்லது நடந்தது என்று சொல்லி மகிழ்வோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. மீதியிருந்த சில சொட்டைக் கொட்டிவிடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பரிசோதித்தார்களே, அதனால்தான் நல்லது நடந்தது. சரக்கையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்குத்தான் லாபம்.

இந்தக் கண்டுபிடிப்பு முதலில் வந்து சேர்ந்தது ஆஸ்பத்திரிக்கல்ல, மாட்டுக் கொட்டிலுக்கு. கோலார் மாவட்டம் பாலுக்கும் பட்டுக்கும் பேர்போனது. பசுவுக்குச் சினை ஊசி போட வருகிறவர் வண்டியில் கட்டி வரும் அந்தப் புகை விடும் கேன், திரவ நைட்ரஜன் கேன்தான். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் மைய அரசின் உறைவிந்து நிலையமே இருக்கிறது. ஆகவே மைனஸ் 196 டிகிரி என்பது நம் கிராமத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. பேர் தெரியாது, அவ்வளவுதான்.

கல்கத்தா மருத்துவரும் பம்பாய் விஞ்ஞானியும்

மாட்டிலிருந்து மனிதனுக்கு வருவோம். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்குப் பின் எழுபதாம் நாள், அக்டோபர் 3-ல், கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்று பத்திரிகைகள் அழைத்தன. இந்தச் சாதனையைச் செய்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய. கூட இருந்தவர்கள் இருவர்: மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளிரியல் அறிஞர் சுனித் முகர்ஜி.

குளிரியல் அறிஞருக்கு அங்கே என்ன வேலை? அதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் கருவை அப்படியே உடனே தாயின் கருப்பைக்குள் வைத்தார்கள். முகோபாத்யாயவோ மருந்து கொடுத்துப் பல கருமுட்டைகளை வளரச் செய்து, எடுத்து, வெளியே கருவாக்கி, டி.எம்.எஸ்.ஓ. சேர்த்து உறையவைத்தார். 53 நாள் கழித்து, தாயின் உடம்பு மருந்தின் பாதிப்பிலிருந்து தெளிந்த வேறொரு மாதச் சுழற்சியில் கருவை உருக்கி உள்ளே வைத்தார். உறையவைத்த மனிதக் கருவிலிருந்து குழந்தை என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1983-ல் கர்ப்பமாகி, 1984-ல் பிறந்த குழந்தையை வைத்துத்தான். கல்கத்தாக்காரர் சொன்னது அதற்கு ஐந்து வருஷம் முந்தியது.

நம்பவில்லை. 1978 இறுதியில் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ரேடியோ இயற்பியல் பேராசிரியர். கருவியலும் தெரியாது, குளிரியலும் தெரியாது. சொன்னதெல்லாம் பொய் என்று தீர்ப்பு வந்தது. ஜப்பானிலிருந்து கருத்தரங்குக்கு அழைப்பு வந்தபோது போக அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் அவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆராய்ந்தவருக்குக் கண்ணாஸ்பத்திரி. அந்த வருஷம் ஜூன் 19-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது ஐம்பது.

1986 ஆகஸ்ட் 6-ல் பம்பாயில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாடு கொண்டாடியது. அதன் பின்னணியில் இருந்தவர்கள் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பம்பாய் நிலைய இயக்குநர் டாக்டர் டி.சி. ஆனந்தகுமாரும். பதினொரு வருஷம் அந்தப் பெருமை அவர்களுடையதாகவே இருந்தது.

1997-ல் ஆனந்தகுமார் கல்கத்தாவுக்குப் போனபோது, முகோபாத்யாயவின் குறிப்பேடுகளும் கையெழுத்துத் தாள்களும் அவர் கைக்கு வந்தன. உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். என்ன மருந்து, எத்தனை நாள், எப்படிக் குளிர வைத்தது, எப்போது உருக்கியது, எல்லாம் எழுதியிருந்தது. 1978-லேயே இந்தியக் குளிரியல் இதழில் ஒரு சிறு கட்டுரையும் வந்திருந்தது. மருத்துவர்கள் அந்த இதழைப் புரட்டவே இல்லை! ஆனந்தகுமார் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அந்த வருஷமே எழுதினார்: இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைத் தந்தவர் சுபாஷ் முகோபாத்யாயதான் என்று. அதாவது, தான் இல்லை என்று.

அன்பர்களே, இதை ஒரு வியாபாரியின் கண்ணால் பாருங்கள். தன் கடைப் பலகையைத் தானே கழற்றி, செத்துப்போன பக்கத்துக் கடைக்காரர் பேரை எழுதி மாட்டுகிறவர் ஊரில் எத்தனை பேர்? 2002-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் முகோபாத்யாயவின் பணியை ஏற்றுக்கொண்டது. ஆனந்தகுமார் பிற்காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து 2010 ஜனவரியில் காலமானார். கருவை 53 நாள் காத்தது நைட்ரஜன். அதைச் செய்தவரின் பெயரைப் பத்தொன்பது வருஷம் காத்தது ஒரு குறிப்பேடு. அந்தக் கணக்கு எழுதப்படாமல் போயிருந்தால், படிக்க நேர்மையான ஓர் ஆள் வந்தும் பயனில்லை.

வேலூருக்குப் போகும் வழி

நம்ம ஊர்க்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் பெங்களூர். அதற்கும் மேலே என்றால் பேர்ணாம்பட்டு, குடியாத்தம் வழியாக வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ல் டாக்டர் மாமன் சாண்டி தலைமையில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. இந்தியாவில் முதலில் செய்தது பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை, 1983-ல். ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு, கெட்ட மஜ்ஜையை அழித்துவிட்டு நல்ல மூல அணுக்களை ரத்தத்தில் ஏற்றுவதே இந்த முறை.

அண்ணன் தம்பி கொடுத்தால் பெரும்பாலும் எடுத்தவுடனேயே ஏற்றிவிடலாம். ஆனால் நோயாளியின் சொந்த அணுக்களையே எடுத்து வைத்து, கடும் மருந்து கொடுத்த பிறகு திருப்பிக் கொடுக்கும் முறையும் உண்டு. மைலோமா, லிம்ஃபோமா என்ற வியாதிகளுக்கு இது வழக்கம். இடைப்பட்ட நாளில் அந்தப் பை உறைந்து காத்திருக்கிறது. அந்தப் பை போனால் ஆள் போன மாதிரிதான். ஏனென்றால் உள்ளே இருந்த மஜ்ஜையை ஏற்கெனவே மருந்து அழித்தாயிற்று. இதைவிடப் பெரிய பொறுப்பு எந்தக் கிடங்குக்காரனுக்கு இருக்கும்?

உருக்குவதிலும் முறை உண்டு. குளிர வைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. உடம்புச் சூடுள்ள நீர்த்தொட்டியில் பையை அமிழ்த்தி உருக்கி, தாமதிக்காமல் ஏற்றுகிறார்கள். டி.எம்.எஸ்.ஓ. அறைச் சூட்டில் அணுவுக்கு நஞ்சு. நோயாளிக்கும் சிலசமயம் குமட்டலும் ரத்த அழுத்த மாற்றமும் வரும். மூச்சில் ஒரு நாள் இரண்டு நாளுக்குப் பூண்டு வாடை அடிக்கும். பூண்டே சேர்க்காத எங்கள் வீட்டார் யாராவது அந்த வார்டுக்குப் பார்க்கப் போனால் சங்கடப்படத்தான் வேண்டும். ஆனால் அது உயிர் திரும்புகிற வாடை.

இப்போது இந்தத் துறை இன்னும் முன்னே போயிருக்கிறது. நோயாளியின் வெள்ளணுவை எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றும் சிகிச்சை ஒன்றுக்கு இந்தியாவிலேயே உருவான முறையில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து வளர்த்தது. இந்த வகை மருத்துவத்தில் மாற்றிய அணுக்களைப் பெரும்பாலும் உறையவைத்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆகவே குளிரின் கதை முடியவில்லை, வளர்ந்துகொண்டே போகிறது.

சேதாரம் எங்கிருந்து வந்தது

பாதுகாப்பு என்பது பெரும்பாலும் நஷ்டத்திலிருந்து கற்றது. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது தொற்று. 1995-ல் 'லான்செட்' இதழில் லண்டனிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ஒரே நைட்ரஜன் தொட்டியில் வைத்திருந்த மஜ்ஜையைப் பெற்ற நோயாளிகள் சிலருக்கு மஞ்சள் காமாலையின் பி வகைக் கிருமி பரவியிருந்தது. ஒரு பை கசிந்து, தொட்டியின் திரவம் வழியாக அடுத்த பைகளுக்குப் போயிருக்கிறது. எவ்வளவு குளிரிலும் கிருமி சாகவில்லை! அணுவைக் காக்கும் குளிர் கிருமியையும் காக்கிறது. அதற்குப் பிறகுதான் பைக்கு மேல் பை போடுவதும், திரவத்தில் அமிழ்த்தாமல் அதன் மேலிருக்கும் ஆவியில் வைப்பதும், தொற்றுள்ளதைத் தனித் தொட்டியில் ஒதுக்குவதும் பரவின.

இரண்டாவது தொட்டி. 2018 மார்ச் மாதம் ஒரே சனி ஞாயிறில், அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில், சான் ஃபிரான்சிஸ்கோவிலும் கிளீவ்லாந்து அருகிலும், தொட்டிகள் பழுதாயின. கிளீவ்லாந்தில் மட்டும் 4,000-க்கு மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் வீணாயின. தொலைவிலிருந்து எச்சரிக்கும் மணி அணைக்கப்பட்டிருந்தது என்று அந்த மருத்துவமனையே பிற்பாடு தெரிவித்தது. பணமும் விஞ்ஞானமும் நிறைந்த நாட்டில், மணியை யார் அணைத்தது என்று தெரியவில்லை.

மூன்றாவது காப்புப் பொருளே. டி.எம்.எஸ்.ஓ.வின் அளவைக் குறைக்கவும், டிரெஹலோஸ் போன்ற சர்க்கரையைத் துணை சேர்க்கவும் ஆராய்ச்சி நடக்கிறது. நீர் பனியாகாமல் கண்ணாடி போல் இறுகும் முறையை 1985-ல் ரால், ஃபேஹி என்பவர்கள் எலிக் கருவில் செய்து காட்டினார்கள். கருமுட்டைக்கும் கருவுக்கும் இன்று அதுவே பெருவழக்கு. பனி ஊசியே இல்லாததால் சேதாரம் குறைவு.

இந்த மூன்றிலும் குளிர் ஒரு நாளும் துரோகம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பை, மணி, கண்காணிப்பு, சீட்டு, இவைதான் தவறின. அதாவது மனிதன் வைக்கும் கணக்கு.

தொப்புள்கொடி ரத்தம்: கட்டலாமா?

1988-ல் பாரிஸ் நகரில் டாக்டர் எலியன் குளூக்மன், ஃபன்கோனி சோகை என்ற பரம்பரை வியாதியுள்ள ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு, அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார். அந்த ரத்தம் அமெரிக்காவில் பிராக்ஸ்மையர் என்பவரின் ஆய்வகத்தில் உறையவைக்கப்பட்டுக் கடல் கடந்து போனது. பையன் பிழைத்தான். குப்பைக்குப் போன கொடி மருந்தாயிற்று. 27 வருஷம் உறைந்திருந்த கொடி ரத்தத்திலும் அணுக்கள் வேலை செய்கின்றன என்று 2023-ல் ஆய்வு வந்தது. ஆகவே விஞ்ஞானம் உண்மை. அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தச் சிறுவனுக்குக் கொடுத்தது யாருடையது? தங்கையுடையது, அவனுடையதல்ல. பரம்பரை வியாதியுள்ள குழந்தையின் சொந்தக் கொடி ரத்தத்தில் அதே கோளாறு இருக்கும். அதைக் கொடுத்துப் பயனில்லை. ஒரு கொடியில் கிடைக்கும் அணுக்களின் எண்ணிக்கையும் பெரியவர் உடம்புக்குப் பெரும்பாலும் போதாது. இதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் 2017 நெறிமுறையில், எதிர்காலத்தில் தனக்கே பயன்படும் என்று கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று எழுதியது. வீட்டில் ஏற்கெனவே அப்படிப்பட்ட வியாதியுள்ள குழந்தை இருந்து, மருத்துவரே சொன்னால், அது வேறு விஷயம். பொது வங்கிக்குத் தானம் செய்வதும் வேறு விஷயம். அது யாரோ ஒருவர் பிள்ளைக்கு உதவும்.

அப்படியும் ஒருவர் கட்டித்தான் தீருவேன் என்றால், மளிகைக்காரன் மொத்த வியாபாரியிடம் கேட்கிற கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். எடுத்த ரத்தத்தில் எத்தனை அணு, எத்தனை உயிரோடு இருந்தது என்று எழுத்தில் தருவீர்களா? தொட்டியின் குளிர்க் கணக்கை யார் பார்க்கிறார்கள், ராத்திரியில் மணி அடித்தால் யார் எழுந்து வருவார்கள்? ஒரே குழந்தையின் பையை இரண்டு இடத்தில் பிரித்து வைக்கிறீர்களா? சீட்டு தேய்ந்தால் வேறு எந்த ஏட்டில் பேர் இருக்கிறது? இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: உங்கள் கம்பெனி மூடினால் என் பை எங்கே போகும்?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க நம் ஊர்க்காரரைவிடத் தகுதியுள்ளவர் யார்? 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபோதும், பின்பு அரசே எடுத்து நடத்தியபோதும், சுரங்கம் நின்றுபோகும் என்று யார் நினைத்தார்கள்? பிள்ளை பேரப்பிள்ளை காலத்துக்கும் சங்கு ஊதும் என்றுதான் இருந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் வேலை நின்றது. நூற்றிருபது வருஷக் கம்பெனி ஒரே உத்தரவில் முடிந்தது. ஆகவே எழுபது வருஷம் காப்போம் என்று யார் எழுதிக் கொடுத்தாலும், தங்கவயல்காரன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சட்டமும் இப்போது கணக்கு கேட்கிறது. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், கருவைப் பத்து வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது. அதன் பிறகு என்ன செய்வது என்பதைக் குடும்பங்கள் முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இதை வீட்டில் பேச வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிறைவாக

டியூடரின் கப்பலில் வந்த பனியில் பாதிக்குச் சற்றுக் குறைவு கரைந்து போனது. இன்று முப்பது வருஷம் கழித்து எடுத்தாலும் அணு உயிரோடு வருகிறது. மனிதன் கற்றது கொஞ்சமில்லை. கிளிசரின் புட்டியின் உள்ளே இருப்பதைப் பரிசோதித்த மூவர், குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்த ஒருவர், அதைப் படித்துத் தன் பெருமையை விட்டுக்கொடுத்த இன்னொருவர், இவர்களால்தான் அது கைகூடியது.

நம் பிள்ளைகளில் பலர் இன்று பெங்களூரின் ஆஸ்பத்திரிகளிலும் ஆய்வகங்களிலும் மருந்துக் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறார்கள். சிலர் ராத்திரி ஷிஃப்டில் இந்தத் தொட்டிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கு இந்தக் கிழவன் சொல்வது ஒன்றே: மணியை அணைக்காதீர்கள், சீட்டை இரண்டு தடவை படியுங்கள், ஏட்டில் உடனுக்குடன் எழுதுங்கள். அந்தப் பையில் இருப்பது ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு தாய் எதிர்பார்த்துக் காத்திருக்கும் உயிர்.